எழுதப் புகுவார்க்கு: காதற் கதையின் திருப்பங்கள்



சங்கத்தின் ஆண்டு மலருக்கென நெடுங்கதை எழுத விழைவோர் முதலில் கதைச் சுருக்கத்தை மட்டும் அனுப்பலாம் என்று சென்ற இதழில் இப்பகுதியில் அறிவித்திருந்தோம். ஒன்பது சுருக்கங்கள் வந்து சேர்ந்தன. நாகபுரியில் அலுவலகத்திற்கும் சமையலறைக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் இடையே கிடைக்கும் அரை மணியில் தமிழில் கதை எழுத ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்பதே நமக்குப் பெரிய மகிழ்ச்சி. அனுப்பியவர் அனைவர்க்கும் நன்றி.

ஒன்பதில் ஏழு காதற் கதைகள். ஏழையும் இரண்டு முறை படித்தோம். குறை கூறுவதற்காக அன்று. நாமும் ஒரு காதற் கதையை எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவரே ஆதலால் அக்கறையோடு படித்தோம். ஏழிலும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. ஒன்றில் நாயகன் மூன்று முறை விபத்துக்குள்ளாகிறான்; மூன்று முறையும் நாயகியே அந்த மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். மற்றொன்றில் நாயகி நினைவை இழந்து, திருமண நாளன்று காலையில் திரும்பப் பெறுகிறாள். நான்கு கதைகளில் பணக்காரத் தாய்மாமன் ஒருவர் வருகிறார். நால்வருக்கும் மீசை இருக்கிறது. கடைசியில் அவர் மனம் மாறுகிறார், அல்லது மாரடைப்பால் இறந்து போகிறார். பிறகு மேளம் கொட்டுகிறது.

இக்கதைகளில் நிகழ்ச்சி இருக்கிறது, திருப்பம் இல்லை. இரண்டும் ஒன்றெனப் பலரும் எண்ணுவதால் இம்மாதம் அதைப் பற்றியே எழுதலாமெனத் துணிந்தோம்.

ரயில்வேக் குடும்பத்தினருக்குப் ‘பாயிண்ட்’ என்றால் என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளம் பிரியுமிடத்தில் நாக்குப் போன்ற இரும்புத் தகடு நாலரை அங்குலம் நகர்கிறது. அவ்வளவே. ஓசையும் பெரிதாக இராது. வண்டியிலிருக்கும் பிரயாணி அதை உணர்வதுகூட இல்லை. ஆனால் அந்த நாலரை அங்குலத்தினால் ஒரு வண்டி இட்டார்சிக்கும் மற்றொரு வண்டி வர்தாவுக்கும் போகின்றன. வண்டி தடம் புரள்வது நிகழ்ச்சி. பாயிண்ட் நகர்வது திருப்பம். காதற் கதையில் மனம் நாலரை அங்குலம் நகரும் இடங்களை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அவற்றை அறிந்துகொண்டால் விபத்து ஒன்றே போதும். அதுவும் இல்லாமற் போனாலும் பாதகமில்லை.

இதை விளக்க நமக்கு மிகப் பிடித்த ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறோம். ஜேன் ஆஸ்டின் என்னும் ஆங்கில நாவலாசிரியை 1775-ல் பிறந்து, 1817-ல் தமது 41-ஆம் வயதில் மறைந்தவர். மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தவர். அவர் முழுமையாக எழுதி முடித்த நாவல்கள் ஆறு. 2000-ல் வெளிவந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அவருடைய ‘சென்ஸ் அண்டு சென்சிபிலிட்டி’ கதையைத் தம்மையறியாமலே அறிந்தவராவர். நாம் சொல்ல வந்தது அதுவன்று. அவர் கடைசியாக எழுதி முடித்த ‘பெர்சுவேஷன்’. ஒருவர் சொல்லுக்கு இணங்கிப் போதல் என்பது அத்தலைப்பின் கருத்து. மெட்ரிகுலேஷன் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, இன்ஸ்டிடியூட் நூலகத்துப் பிரதியையும் ஒரு பழைய அகராதியையும் துணையாகக் கொண்டு, நான்கு மாதங்களில் அதைப் படித்து முடித்தோம். இருபத்து நான்கே அத்தியாயங்கள்தாம்.

கதை வருமாறு. ஆன் எலியட் பிரபு குலத்துப் பெண். பத்தொன்பதாம் வயதில் வென்ட்வொர்த் என்னும் கடற்படை இளைஞனை மணக்க இசைகிறாள். அவனிடம் திறமை இருக்கிறது. பணமோ செல்வாக்கோ இல்லை. தாயில்லாத அப்பெண்ணுக்குத் தாயின் தோழியான ரஸ்ஸல் சீமாட்டியே தாய். அவர், இச்சம்பந்தம் வேண்டாம், அவனுக்கும் இது நல்லதன்று என்று எடுத்துக் கூறுகிறார். ஆன் இணங்குகிறாள். வென்ட்வொர்த் மனங்கசந்து பிரிகிறான். எட்டாண்டுகள் கழிகின்றன. ஆனுக்கு வயது இருபத்தேழு. முகத்தின் பொலிவு போய்விட்டது. தந்தை கடன்பட்டு மாளிகையை வாடகைக்கு விடுகிறார். குடிவருகிறவரோ வென்ட்வொர்த்தின் சகோதரியும் அவள் கணவரும்! வென்ட்வொர்த் இப்போது கப்பல் தலைவன், போரில் பிடித்த எதிரிக் கப்பல்களின் பங்குத் தொகையாக 25,000 பவுன் சேர்த்தவன், பெண் தேடுகிறவன். ஆனைத் தவிர வேறு எவளும் சம்மதமே என்னும் மனநிலையில் இருக்கிறான்.

இங்கே சற்று நின்று, வில்லன் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். இல்லை. பிரித்தவர் ரஸ்ஸல் சீமாட்டி. அவர் ஆனிடம் உண்மையான அன்புடையவர். அன்பினால் தவறான அறிவுரை கூறினார், அவ்வளவே. நம் குடும்பங்களில் காதலைத் தடுப்பவர் பெரும்பாலும் மீசை முறுக்கும் மாமனல்லர். நம் நன்மையையே நாடும் ஒருவர், காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சொல்லும் ஒரு வார்த்தைதான் தடுக்கிறது. கொடியவரை எதிர்ப்பது எளிது. அன்புடையவரை எதிர்ப்பதுதான் அரிது. ஆகவே அங்கேதான் கதை இருக்கிறது.

இனித் திருப்பங்களைப் பார்ப்போம். வென்ட்வொர்த்தும் ஆனும் ஒரே அறையில் பலமுறை இருக்க நேர்கிறது, இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆன் நோயுற்ற ஒரு சிறுவனுக்குப் பணிவிடை செய்துகொண்டு மண்டியிட்டிருக்கிறாள். அவன் தம்பி, இரண்டு வயதுக் குறும்பன், அவள் முதுகின் மேல் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறான். பக்கத்தில் இருக்கும் வேறொருவர் ‘இறங்கடா’ என்று வாயால் மட்டும் அதட்டுகிறார். திடீரென முதுகுப் பாரம் நீங்குகிறது. யாரோ குழந்தையின் கையைக் கழுத்திலிருந்து விலக்கித் தூக்கிக் கொண்டுபோய்விட்டார். வென்ட்வொர்த்தான். ஒரு வார்த்தையும் பேசவில்லை. நன்றி கூற அவளுக்கும் நா எழவில்லை. அவ்வளவுதான் அந்நிகழ்ச்சி, படிக்கும் நமக்கோ மூச்சு நின்றுவிடுகிறது.

அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் நெடுந்தூரம் நடந்து போகிறார்கள். ஆன் களைத்திருப்பதை யாரும் கவனிக்கவில்லை. அவனுடைய சகோதரியும் அவள் கணவரும் சிறு குதிரைவண்டியில் அவ்வழியே வருகிறார்கள். வென்ட்வொர்த் அருகிற் சென்று சகோதரியிடம் ஏதோ சொல்கிறான். பிறகு பேசாமல் ஆனைக் கைகொடுத்து வண்டியில் ஏற்றி விடுகிறான். அவன் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை, ஆயினும் தான் களைத்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமலும் இருக்கிறான் என்று அவள் அந்தக் கணத்தில் உணர்கிறாள். சினமும் பரிவும் ஒரே கையில்! நேயர்களே, இதுவே நாலரை அங்குலம்.

மூன்றாவது, கதையில் உள்ள ஒரே பெரிய விபத்து. லைம் என்னும் கடற்கரை ஊர். அங்கே அலைதடுப்புச் சுவரின் படிக்கட்டிலிருந்து லூயிசா என்னும் பெண் குதிக்கிறாள். வேண்டாமென்று தடுத்தும் கேளாமல் இரண்டாம் முறை குதித்துத் தலை மோதி மூர்ச்சையாகிறாள். இந்த லூயிசாவைத்தான் வென்ட்வொர்த், ‘உறுதியான மனம் படைத்தவள், பிறர் சொல்லுக்கு வளையாதவள்’ என்று ஆனின் காதுபடப் புகழ்ந்திருந்தான். பிறர் சொல்லுக்கு வளையாமையால் வந்த வினை இப்போது மூர்ச்சையாகிக் கிடக்கிறது. எல்லோரும் பதறுகிறார்கள், கப்பல் தலைவனே கைபிசைந்து நிற்கிறான். ஆன் ஒருத்திதான் மருத்துவரை அழைக்கச் சொல்கிறாள், யாரை அனுப்ப வேண்டுமென்பதையும் சொல்கிறாள். உறுதி என்பது வேறு, பிடிவாதம் என்பது வேறு என்று அவன் அங்கே கற்றுக்கொள்கிறான். விபத்து என்றால் இப்படி இருக்க வேண்டும். அது யாரையாவது மருத்துவமனைக்கு அனுப்பினால் மட்டும் போதாது; ஒருவன் கொண்டிருந்த கருத்தை உடைக்க வேண்டும்.

முடிவைப் பற்றித்தான் நாம் விரிவாக எழுத விரும்புகிறோம். ஆஸ்டின் இந்நாவலை முதலில் 1816 ஜூலை 18-ஆம் நாள் முடித்தார். அந்த முதல் முடிவில், வென்ட்வொர்த்தின் மைத்துனர் அவனை ஒரு தூது சொல்ல ஏவுகிறார்: ‘நீங்கள் எலியட் என்னும் உறவினரை மணக்கப் போவதாகக் கேள்வி, அப்படியானால் மாளிகையை உங்களுக்கு விட்டுத் தருகிறோம்’ என்பது அத்தூது. அவன் வாய் குழறி அதைச் சொல்கிறான்; அவள் அப்படியொன்றுமில்லை என்கிறாள்; இருவர் கண்களும் சந்திக்கின்றன; முடிந்தது. கதை ஒழுங்காகவே முடிகிறது. நம்மைப் போன்றவராயின் அன்றே தபாலில் சேர்த்திருப்போம்.

ஆஸ்டினுக்கு அது பிடிக்கவில்லை. சுவையின்றிச் சப்பென்று இருக்கிறதென்று மனஞ்சோர்ந்து படுக்கச் சென்றார் என்றும், மறுநாள் காலையில் புதிய எண்ணத்தோடு எழுந்தார் என்றும் அவருடைய மருமகப்பிள்ளை எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. 1816 ஆகஸ்டு 6-ஆம் நாளுக்குள் அப்பகுதியை மாற்றி எழுதிவிட்டார். அப்போதே உடல்நிலை சரியில்லாதவர். அதற்கடுத்த ஜூலை 18-ல் மறைந்தார். நூல் அவர் மறைந்த பின், 1817 டிசம்பரில் வெளிவந்தது. ஒதுக்கிய அத்தியாயத் தாள்கள் மட்டும் அவர் கைப்படவே இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அச்சேறிய ஆறு நாவல்களில் வேறெதற்கும் அவர் கையெழுத்துப் படி எஞ்சவில்லை. வேண்டாமென்று தள்ளிய தாள் மட்டும் பிழைத்திருப்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

புதிய முடிவில் நடப்பது இது. பாத் நகரத்தில் ஒரு விடுதியின் அறை. வென்ட்வொர்த் மேசையருகே அமர்ந்து நண்பனுக்காக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறான். சன்னலருகே ஆனும் ஹார்வில் என்னும் கடற்படை அதிகாரியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிரிவில் நெடுநாள் அன்பு மாறாதிருப்பவர் ஆணா, பெண்ணா என்பது பேச்சு. ஹார்வில், நூல்களெல்லாம் பெண்ணின் நிலையாமையைத்தானே கூறுகின்றன என்கிறார். நூல்களைச் சான்று காட்டாதீர்கள், பேனா இதுவரை ஆண்கள் கையிலேயே இருந்து வந்திருக்கிறது என்று ஆன் மறுக்கிறாள். நம்பிக்கைக்கு இடமே இல்லாதபோதும் அன்பை விடாமல் வைத்திருப்பது பெண் என்பது அவள் கட்சி. இப்பேச்சின் நடுவே மேசையிலிருந்து பேனா கீழே விழும் ஓசை கேட்கிறது. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எழுதிய கடிதத்தின் மறைவில் அவளுக்கும் ஒரு கடிதம் எழுதுகிறான், ஹார்விலோடு வெளியேறுகிறான், கையுறையை மறந்ததாகக் காட்டித் திரும்பி வந்து, அதை அவள் முன் வைத்துவிட்டுப் போகிறான்.

இரு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மணம் நடக்கிறது. முதலாவதில் மைத்துனரின் தூது காரியத்தை முடிக்கிறது. நாயகிக்கு ஓரிரு சொல்தான். இரண்டாவதில் எட்டாண்டுகளாக வாய்மூடியிருந்தவள் வாய் திறக்கிறாள். யாரிடமோ சொல்வது போல அவனுக்குச் சொல்கிறாள். பத்தொன்பது வயதில் பிறர் சொல்லுக்கு இணங்கியவள், இருபத்தேழு வயதில் தன் சொல்லால் ஒருவனைத் திருப்புகிறாள். தலைப்புக்கே அப்போதுதான் முழுப் பொருள் கிடைக்கிறது. நோயுற்ற ஓர் அம்மையார் மூன்றே வாரங்களுக்குள் செய்த வேலை இது!

நிற்க. தமிழருக்கு இது புதிதன்று என்று தமிழாசிரிய அன்பர் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மையே. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என ஐந்திணைக்கு வகுத்த உரிப்பொருள்கள் மனம் திரும்பும் இடங்களின் பட்டியல்தாமே! பொருள்வயிற் பிரிவு என்றே ஒரு வகை சொன்னார்கள். அதை நம் காலத்தில் டிரான்ஸ்பர் ஆர்டர் என்கிறோம். மேலும் ஒரு செய்தி. பேனா ஆண்கள் கையிலேயே இருந்தது என்று ஆன் கூறுவது முற்றிலும் தமிழுக்குப் பொருந்தாது. வெள்ளிவீதியார் என்னும் பெண்பாற் புலவரின் பாடல்கள் குறுந்தொகையில் உள்ளன. அவர் பிரிந்த கணவனைத் தேடி அலைந்தவர் என்பதை, அகநானூற்றில் அவ்வையார் பாடல் ஒன்றில் வரும் குறிப்பினால் அறிகிறோம். வாயிற்படியில் காத்திருக்காமல் புறப்பட்டுச் சென்ற பெண் நம் இலக்கியத்தில் அப்போதே இருக்கிறார். இக்குறிப்பை நாம் படித்திருந்தும் பயன்படவில்லை. ஏன் என்பதைக் கீழே கூறுகிறோம்.

இளைஞர் ஒருவர் தம் கதைச் சுருக்கத்தோடு ஒரு கேள்வியையும் எழுதியிருந்தார்: “கைப்பேசி வந்தபின் காதற் கதை எழுதுவது கடினமாகிவிட்டது. கடிதம் தவறிப் போகாது. வந்த செய்திக்கு நீலக் குறி விழுந்துவிடும். தவறான எண்ணம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். திருப்பத்துக்கு எங்கே போவது?” நல்ல கேள்வி. ஆறு மாதங்களுக்கு முன் கேட்டிருந்தால், பழங்காலத்துக் கதையாக எழுதுங்கள் என்று விடையளித்திருப்போம். இன்று வேறு விடை இருக்கிறது. அதைச் சொல்ல நம் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் அனுமதி பெற்றே எழுதுகிறோம்.

தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் எழுத்தராகச் சேர்ந்து இவ்வூருக்கு வந்தோம். 2014-ல் திருமணம். திருச்சிக்கு அருகில் ஒரு சிற்றூர். மனைவியை உடனே அழைத்து வரும் எண்ணந்தான் இருந்தது. நம் பெரியப்பா, தந்தைக்குப்பின் தந்தையாக நின்றவர், ஒரு மாலையில் தோளில் கை வைத்துச் சொன்னார்: “பாஷை தெரியாத ஊர். நீ நைட் டியூட்டி பார்க்கிறவன். ஒண்டி அறையில் சின்னப் பெண்ணைத் தனியே விட்டுவிட்டுப் போவாயா? குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டுமப்பா. அம்மாவுக்கும் துணையாக இருப்பாள்.” இணங்கினோம். அவர் சொன்னதில் பிழையொன்றும் இப்போதும் தெரியவில்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்ற அந்தச் சொல் மூன்று ஆண்டுகள் நீண்டது. இடையில் வாடகைக்கு இரண்டு அறை பிடித்திருக்கலாம், நாமே தள்ளிப்போட்டோம்.

அந்த மூன்றாண்டுகளைத்தான் பின்னாளில் நாவலாக எழுதினோம். இரண்டு நானூறு பக்க நோட்டுப் புத்தகங்கள், ஐந்து ஆண்டு உழைப்பு. நாயகன் பார்சல் ஆபீசில் நள்ளிரவில் வேபில் எழுதிக்கொண்டே அவளை நினைப்பான். வண்டியின் ஊதல் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு விம்மும். ஆரஞ்சுக் கூடைகளின் மணத்தில் அவள் கூந்தல் மணத்தை உணர்வான். (இதைப் படிக்க இப்போது நமக்கே கூச்சமாக இருக்கிறது.) அவளோ சன்னலோரம் நின்று தெற்கிலிருந்து வடக்கே போகும் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது அத்தியாயங்களில் பதினொரு இடங்களில் சன்னலோரம் நின்றாள்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் டியூட்டி முடிந்து வீடு வந்தபோது, மனைவி அந்த நோட்டுப் புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படித்து முடித்துவிட்டார். எப்படியிருக்கிறது என்று கேட்டோம். பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டோம்.

“ஏங்க, இந்தப் பெண்ணுக்குச் சன்னலில் நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லையா?”

நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“மூன்று வருஷத்தில் நான் ஒருநாள்கூடச் சன்னலில் நிற்கவில்லை. அத்தை இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் இருந்தார்கள். தையல் கற்றுக்கொண்டேன். பதினேழு ரவிக்கை தைத்து, அந்தப் பணத்தில் ஒருநாள் டிக்கெட் வாங்கினேன்.”

என்ன டிக்கெட் என்று கேட்டோம். எழுந்துபோய், தம் தாய்வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தார். திருச்சியிலிருந்து சென்னைக்கு, முன்பதிவில்லாத சாதாரண டிக்கெட். மை வெளிறிப் போயிருந்தது. ஆயினும் இத்தனை ஆண்டுகளாக டிக்கெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தேதி தெரிந்தது. 2016, பிப்ரவரி மாதம். சென்னையில் அண்ணன் வீட்டில் இறங்கி, மறுநாள் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவதாக எண்ணம். அப்போது மாமியார் நடமாடத் தொடங்கிவிட்டார், நாத்தனார் வந்திருந்தார், ஆகவே புறப்பட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. நமக்கும் சொல்லவில்லை, நேரே வந்து நின்றால் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று நினைத்தாராம்.

“பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் போன் வந்தது. ‘குவார்ட்டர்ஸ் லிஸ்டில் நம் பெயர் மேலே வந்துவிட்டது, இன்னும் இரண்டே மாதம், பொறுத்துக்கொள்’ என்றீர்கள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள். நான் வந்து கெடுப்பானேன் என்று திரும்பி வீட்டுக்குப் போய்விட்டேன்.”

அந்த இரண்டு மாதம், பதினாறு மாதமாயிற்று.

அந்தத் தொலைபேசிப் பேச்சு நமக்கும் நினைவில் இருக்கிறது. நினைவில் இருப்பதுதான் துன்பம். பேசும்போது பின்னால் ஒலிபெருக்கி அறிவிப்பு கேட்டது. முதலில் அந்த மணியோசை, பிறகு வண்டி எண். அதை அன்றாடம் நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருக்கிற காது இது. “என்ன சத்தம்?” என்று கேட்டோம். “பக்கத்து வீட்டு டி.வி.” என்றார். சரி என்று விட்டுவிட்டோம். நம்பவில்லை; நம்ப வசதியாக இருந்தது. அது ரயில்நிலையத்தின் ஒலி என்று உள்ளே ஒன்று சொல்லியது. ஆனால் கேட்டால் விடை வரும், விடை வந்தால் நாம் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். அன்று நாலரை அங்குலம் நகர வேண்டிய தகடு நகரவில்லை. நம் கைதான் லீவரில் இருந்தது.

நாற்பது அத்தியாயங்களில் இது இல்லை. எப்படி இருக்கும்? பேனா நம் கையிலல்லவா இருந்தது!

ஆகவே, கேள்வி கேட்ட இளைஞருக்கு விடை இதுவே. கைப்பேசி செய்தியைக் கொண்டு சேர்க்கும். மனத்தைக் கொண்டு சேர்க்காது. தவறிப்போன கடிதத்தை நம்பிக் கதை எழுதுகிறவருக்குத்தான் கைப்பேசி இடையூறு. சொல்லக்கூடியதைச் சொல்லாமல் விட்டவரையும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவரையும் வைத்து எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி. குரல் காதருகே இருக்கும்போதே ஆயிரம் மைல் பிரிவு உண்டாகும் வசதி ஆஸ்டினுக்குக் கிடைக்கவில்லை. வென்ட்வொர்த்தின் பேனா விழுந்த ஓசைக்கு ஈடாக, உங்கள் கதையில் தொலைபேசியின் பின்னணியில் ஓர் ஓசை கேட்கட்டும். அதைக் கேட்டவன் என்ன செய்தான் என்பதுதான் கதை.

ஏழு சுருக்கங்களையும் அனுப்பியவர்களுக்குத் தனித்தனியே குறிப்பு எழுதியிருக்கிறோம். பொதுவாக இரண்டைச் சொல்வோம். முதலில், நாயகி நாயகனை ஏன் விரும்பினாள் என்பதை ஒரு பக்கம் தனியாக எழுதிப் பாருங்கள். அது எழுத வராவிட்டால் கதையைத் தொடங்க வேண்டாம். ‘அவன் நல்லவன்’ என்பது காரணமாகாது. கன்டக்ட் சர்ட்டிபிகேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். பிறகு, எந்த இடத்தில் நாயகியின் ஒரு சொல் அல்லது ஒரு செயல், வேறு யார் உதவியுமின்றிக் கதையைத் திருப்புகிறது என்று தேடுங்கள். ஏழில் ஒன்றில்தான் அப்படியோர் இடம் நமக்குத் தென்பட்டது: அஜ்னி குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பஜ்ஜித் தட்டை நீட்டும்போது, நாயகி மாப்பிள்ளையிடம் “உங்களுக்கு இதில் இஷ்டமா?” என்று கேட்டுவிடுகிறாள். பஜ்ஜியைத்தான் கேட்டாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவன் ஒருவனுக்குப் புரிகிறது. அம்மையீர், அந்த இடத்தை வைத்துக்கொண்டு, தாய்மாமனையும் அவர் சொத்தையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். இம்மலரில் முதலில் வரவேண்டிய கதை அது.

நம் நாவலின் கதி என்னவென்று கேட்கலாம். பதினொரு சன்னல்களையும் அடித்துவிட்டோம். பதினான்காம் அத்தியாயத்தை, இரவுச் சாப்பாட்டுக்குப்பின் மனைவி சொல்லச் சொல்லப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். எளிதாக இல்லை. “அப்படியெல்லாம் அழவில்லை, எழுதாதீர்கள்” என்று பாதியில் அடிக்கச் சொல்கிறார். பிளாட்பாரத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்டதற்கு, இரண்டு வண்டி போகும்வரை என்றார். கையில் என்ன இருந்தது என்று கேட்டோம். அதெல்லாம் எதற்கு என்று எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். பிறகு ஈரக்கையோடு வந்து, “புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன், உங்களுக்கென்று. இரண்டு நாள் கெடாது அல்லவா? திரும்பி வந்து, இராத்திரி நானும் அத்தையும் அதைத்தான் சாப்பிட்டோம். கோயிலில் கொடுத்தார்கள் என்று சொன்னேன்” என்றார்.

அதை எழுதிக்கொண்டோம்.

கதைச் சுருக்கங்களைத் திரும்பப் பெற விரும்பும் அன்பர்கள், ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள் சங்க நூலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். திருத்திய கதைகள் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும். அடுத்த இதழில், கதை மாந்தர்க்குப் பெயர் சூட்டுவது பற்றி எழுதுவோம்.